ஸ்பானிஷ் 2: இறந்த காலத்தைத் தமிழில் கேட்டுப் பாருங்கள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் பார்க்கும் அப்பா அம்மாக்களுக்கும் இதை எழுதுகிறேன்.

என் மகள் பத்தாம் வகுப்பில் ஸ்பானிஷ் 2 எடுத்தாள். முதல் ஆண்டில் அவளுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. இரண்டாம் ஆண்டு அக்டோபரில் ஒரு தேர்வுத்தாளை மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் அறைக்குள் போய்விட்டாள். எடுத்துப் பார்த்தேன். தாள் முழுக்க ஒரே வகைத் தவறு. ஸ்பானிஷில் இறந்த காலத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. எதை எங்கே போடுவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் ஆங்கிலம் வழியாக யோசித்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தின் 'ஏட்' என்ற ஒரே சொல் அந்த இரண்டு வடிவங்களுக்கும் வந்து நிற்கும். தமிழில் அப்படி இல்லை. அன்றிலிருந்து நாங்கள் தமிழ் வழியாகப் போன பாதையைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஸ்பானிஷ் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். சரியான எழுத்துக்கூட்டலைப் பாடநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லின் நடுவில் 'ப' வரும் இடங்களில் பெரும்பாலும் 'பஸ்' என்பதில் உள்ள ஒலி.

படி 1: எதற்காக எடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர, ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியை இரண்டு ஆண்டுகள் படித்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் படிப்பது நல்லது என்று அவர்களே பரிந்துரைக்கிறார்கள். டெக்சாஸில் பள்ளிப் படிப்பை முடிக்கவே மொழிப்பாடத்தில் 2 கிரெடிட் பொதுவாகத் தேவை. ஆகவே பலருக்கு ஸ்பானிஷ் 2 கடைசி ஆண்டு. அதனாலேயே 'எப்படியாவது தாண்டிவிட்டால் போதும்' என்ற மனநிலை வந்துவிடுகிறது. வேண்டாம். முதல் ஆண்டில் பெயர், நிறம், வகுப்பறைப் பொருள்கள், நிகழ்கால வினைகள் என்று ஒட்டுத்துண்டுகளாகப் படித்ததெல்லாம் இந்த ஆண்டில்தான் ஒரு கதை சொல்லும் அளவுக்குச் சேர்கிறது.

படி 2: கோடை விடுமுறையில் இரண்டே வாரம்

நிகழ்கால விகுதிகளை மீட்டெடுங்கள். 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய், 'ஆப்லா' என்றால் பேசுகிறார், 'ஆப்லாமோஸ்' என்றால் பேசுகிறோம், 'ஆப்லான்' என்றால் பேசுகிறார்கள். 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, விகுதியே ஆளைக் காட்டிவிடும். தமிழும் இப்படித்தானே! நீ, நீங்கள் என்ற வேறுபாடும் அங்கே உண்டு: 'தூ', 'உஸ்தெத்'. ஆசிரியரை 'தூ' என்று அழைப்பது நாம் வாத்தியாரை 'நீ' என்பது போல.

படி 3: வீட்டில் இருக்கும் மூன்று சாவிகள்

முதல் சாவி, பிடிக்கும். ஆங்கிலம் வழியாக வரும் பிள்ளைகளை 'மே குஸ்தா' படாதபாடு படுத்தும். நமக்கு அது வெகு இயல்பு. 'மே குஸ்தா எல் அர்ரோஸ்' என்றால் எனக்குச் சோறு பிடிக்கும். இரண்டு மொழியிலும் 'எனக்கு' என்றுதான் தொடங்குகிறோம். 'மே துவேலே லா கபேஸா' என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. பிடிக்கும் பொருள் பன்மையானால் 'குஸ்தான்' என்று மாறும், அவ்வளவுதான்.

இரண்டாம் சாவி, ஐ வேற்றுமை. 'படம் பார்த்தேன்' என்கிறோம், ஆனால் 'பாட்டி பார்த்தேன்' என்று சொல்ல மாட்டோம். 'பாட்டியைப் பார்த்தேன்' என்போம். ஸ்பானிஷிலும் 'பி ஊனா பெலீகுலா' என்றால் படம் பார்த்தேன். பாட்டி என்று வந்ததும் 'பி அ மி அபுவேலா' என்று நடுவில் ஒரு 'அ' வந்து உட்காரும். உயர்திணையைச் செயப்படுபொருளாக வைத்தால் அந்த 'அ' வேண்டும். 'அந்தப் படத்தைப் பார்த்தேன்' என்று அஃறிணைக்கும் நாம் ஐ போடுவோம், ஸ்பானிஷ் போடாது. வீட்டில் வளர்க்கும் நாய்க்குட்டிக்கு மட்டும் பாசத்தோடு 'அ' போட்டுக்கொள்வார்கள்.

மூன்றாவது, 'ஸேர்', 'எஸ்தார்' என்ற இரண்டு வினைகள். 'அம்மா டாக்டர்' என்று வினையே இல்லாமல் தமிழில் முடியும் இடத்தில் பெரும்பாலும் 'ஸேர்': 'மி மாத்ரே எஸ் தோக்தோரா'. 'அம்மா வீட்டில் இருக்கிறார்' என்று 'இரு' வரும் இடத்தில் 'எஸ்தார்': 'மி மாத்ரே எஸ்தா என் காஸா'. ஆனால் இந்தச் சாவி எல்லாப் பூட்டுக்கும் பொருந்தாது. 'அவள் உயரமாக இருக்கிறாள்' என்பதற்கு 'எஸ் ஆல்தா' என்றுதான் வரும். நிலையான தன்மை என்றால் 'ஸேர்' என்று அந்த இடத்தில் மட்டும் தனியாக நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: இரண்டு இறந்த காலங்கள்

இந்த ஆண்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நிதானமாகப் படியுங்கள்.

தமிழில் மூன்று வாக்கியங்கள்:

நேற்று மீன் சாப்பிட்டேன்.
சின்ன வயதில் தினமும் மீன் சாப்பிடுவேன்.
மாமா கூப்பிட்டபோது மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றும் நடந்து முடிந்தவை. முதலாவது ஒருமுறை நடந்து முடிந்துபோன செயல். ஸ்பானிஷில் அது பிரிட்டெரிட் எனப்படும்: 'கொமீ'. இரண்டாவது வழக்கமாக நடந்தது, மூன்றாவது நடந்துகொண்டே இருந்தது. இந்த இரண்டுக்கும் இம்பெர்ஃபெக்ட்: 'கொமீயா'.

இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். 'சாப்பிடுவேன்' என்பது பார்வைக்கு எதிர்காலம். ஆனால் 'சின்ன வயதில்', 'அப்போதெல்லாம்' என்று முன்னால் வந்துவிட்டால் அது பழைய வழக்கத்தைச் சொல்கிறது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கும் இது காதில் பழகிய வடிவம்தான், இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனவே சோதனை இதுதான்: வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். வாயில் '-வேன், -வோம், -வாங்க' அல்லது 'சாப்ட்டுட்டிருந்தேன்' மாதிரி வந்தால் இம்பெர்ஃபெக்ட். 'சாப்ட்டேன்', 'போனேன்', 'விழுந்துடுச்சு' என்று வந்தால் பெரும்பாலும் பிரிட்டெரிட்.

இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்: 'குவாந்தோ மி தீயோ யாமோ, யோ கொமீயா.' மாமா கூப்பிட்டபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீண்டு கிடக்கும் செயலின் நடுவில் சட்டென்று ஒன்று நடக்கிறது. நீண்டது இம்பெர்ஃபெக்ட், சட்டென்று நடந்தது பிரிட்டெரிட்.

இந்தச் சோதனைக்கு எட்டாத இடம் ஒன்று உண்டு: கதைக்குப் பின்புலம் சொல்வது. 'அப்போது மணி எட்டு', 'எனக்கு ஏழு வயது' என்று நாம் வினையே இல்லாமல் சொல்லிவிடுவோம். ஸ்பானிஷுக்கு வினை வேண்டும், அதுவும் இம்பெர்ஃபெக்டில்: 'ஏரான் லாஸ் ஓச்சோ', 'தெனீயா சியெதே ஆஞோஸ்'. நேரம், வயது, வானிலை, வீடு எப்படி இருந்தது, ஆள் எப்படி இருந்தார் என்பதெல்லாம் இந்தக் கணக்கு.

எனக்கு மிகவும் பிடித்த இடமும் இங்கேதான். 'ஸபேர்' என்ற வினை இம்பெர்ஃபெக்டில் 'ஸபீயா' என்றால் எனக்கு (அப்போதே) தெரிந்திருந்தது. அதே வினை பிரிட்டெரிட்டில் 'சூபே' ஆனால் எனக்குத் தெரிய வந்தது. 'தெரிந்திருந்தது', 'தெரிய வந்தது' என்ற இரண்டும் நம் வாயில் தனித்தனியாக இருப்பதால் என் மகள் இதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

படி 5: வடிவங்களை மனதில் ஏற்றுங்கள்

இம்பெர்ஃபெக்ட் எளிது. 'ஆப்லாபா, ஆப்லாபாஸ், ஆப்லாபா, ஆப்லாபாமோஸ், ஆப்லாபான்' என்று ஒரு வரிசை. 'கொமீயா, கொமீயாஸ், கொமீயா, கொமீயாமோஸ், கொமீயான்' என்று இன்னொரு வரிசை. ஒழுங்கு தவறும் வினைகள் மொத்தமே மூன்று: 'ஏரா', 'ஈபா', 'பேயீயா'.

பிரிட்டெரிட்டில்தான் உழைக்க வேண்டும். ஒழுங்கானவை 'ஆப்லே, ஆப்லாஸ்தே, ஆப்லோ, ஆப்லாமோஸ், ஆப்லாரோன்' என்றும், 'கொமீ, கொமீஸ்தே, கொமியோ, கொமீமோஸ், கொமியேரோன்' என்றும் போகும். ஒழுங்கு தவறுபவை பெருங்கூட்டம்: தூபே, எஸ்தூபே, பூதே, பூஸே, சூபே, ஈஸே, கீஸே, பீனே, திஹே, த்ராஹே. இவற்றைப் பட்டியலாக ஒப்பிக்காதீர்கள். 'வா' எப்படி 'வந்தேன்' ஆனது, 'நில்' எப்படி 'நின்றேன்' ஆனது என்று நமக்கு யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை. வாக்கியத்தில் கேட்டுக் கேட்டு வந்தது. ஒவ்வொரு வினைக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'ஈஸே லா தாரேயா' என்றால் வீட்டுப்பாடம் செய்தேன். ஒரு நாளைக்கு இரண்டு வினை போதும்.

'ஃபுயி' மட்டும் தனி விஷயம். போனேன் என்பதற்கும் அதுதான், 'ஸேர்' வினையின் 'இருந்தேன்' என்பதற்கும் அதுதான். பின்னால் 'அ' வந்து ஓர் இடமும் வந்தால் போனேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பாட்டிக்குப் போன் போடுங்கள்

இந்த ஒரு பயிற்சிதான் எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் மாற்றியது. ஸ்பானிஷ் 2 வகுப்புகளில் குழந்தைப் பருவம் பற்றிய பாடம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அந்தப் பாடம் தொடங்கும் வாரத்தில் ஊரில் இருக்கும் பாட்டியிடமோ தாத்தாவிடமோ 'நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ எப்படி இருந்தது?' என்று கேளுங்கள். பத்து நிமிடம் பேசவிடுங்கள். கையில் நோட்டு இருக்கட்டும்.

என் அம்மா பேத்தியிடம் சொன்னது இது: "எங்கம்மா தினமும் காலையில நாலு மணிக்கு எழுந்திருப்பாங்க. கிணத்துல தண்ணி இறைப்பாங்க. ஒரு நாள் வாளி உள்ள விழுந்துடுச்சு."

'எழுந்திருப்பாங்க', 'இறைப்பாங்க' இரண்டும் வழக்கம். 'விழுந்துடுச்சு' அன்று ஒருநாள் நடந்தது. மகள் எழுதினாள்: 'மி பிஸாபுவேலா சே லெபந்தாபா அ லாஸ் குவாத்ரோ. ஸகாபா ஆகுவா தெல் போஸோ. உன் தியா எல் கூபோ சே கயோ.' மூன்றும் சரி. விதியை யோசிக்காமல், பாட்டியின் குரலை வைத்தே எழுதியிருந்தாள்.

பத்து வாக்கியம் சேர்ந்ததும் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ப அல்லது இ என்று குறியுங்கள். பிறகுதான் ஸ்பானிஷில் எழுத வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் தமிழ் வினை, அடுத்து குறி, கடைசியில் ஸ்பானிஷ்.

படி 7: தமிழ் ஏமாற்றும் இடங்கள்

'தெரியும்' என்பது பெரிய பொறி. கணக்குத் தெரியும் என்றால் 'ஸே'. அந்தப் பெண்ணைத் தெரியும் என்றால் 'கொனோஸ்கோ'. இரண்டிலும் 'எனக்கு' கிடையாது, 'நான்'தான். பசிக்கும் அப்படியே: 'எனக்குப் பசிக்கிறது' என்பதை 'தேங்கோ ஆம்ப்ரே', அதாவது பசியை வைத்திருக்கிறேன் என்பார்கள். வயதையும் அவர்கள் வைத்திருக்கத்தான் செய்வார்கள்.

மேஜைக்கும் பேனாவுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு என்பதைத் தமிழ் மனம் ஏற்க நாளாகும். பெயர்ச்சொல்லை 'எல்', 'லா' இல்லாமல் தனியாக எழுதி வைக்கவே வேண்டாம். பெயரடையும் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும்.

படி 8: வாயைத் திருத்துங்கள்

பள்ளியில் நாள் முழுவதும் ஆங்கிலம் பேசிவிட்டு அதே நாக்கோடு ஸ்பானிஷ் பேசினால் 'தோஸ்' என்பது 'டோஸ்' ஆகிவிடும். தமிழ் 'த' போதும், நாக்கு பல்லைத் தொடட்டும். தமிழ் 'ர' அப்படியே 'பேரோ' என்பதற்குப் பொருந்தும், பொருள் 'ஆனால்'. நாயைச் சொல்லும் 'பெர்ரோ'வில் நாநுனி பலமுறை அதிர வேண்டும்.

அழுத்தம் வேறு பொருளைத் தரும் இடமும் உண்டு. 'ஆப்லோ'வின் முதல் அசையை அழுத்தினால் 'பேசுகிறேன்'. கடைசி அசையை அழுத்தி, எழுத்தின் மேல் கோடும் போட்டால் 'அவர் பேசினார்'. காலமும் ஆளும் அந்தச் சின்னக் கோட்டில் மாறிவிடுகின்றன. எழுத்துத் தேர்வில் கோடு விட்டால் மதிப்பெண் போகும். விடைத்தாளைத் தருவதற்கு முன் கோடுகளை மட்டும் பார்க்க ஒரு தனி நிமிடம் ஒதுக்குங்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய வாரம் பாட்டி கதையை போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் நாள் நோட்டைப் பார்த்து, இரண்டாம் நாள் வினைகளை மட்டும் எழுதிய ஒரு துண்டுச்சீட்டைப் பார்த்து, மூன்றாம் நாள் எதையும் பார்க்காமல். என் மகள் வகுப்பில் அந்தக் கிணற்றுக் கதையைத்தான் சொன்னாள். ஆசிரியர் ஸ்பானிஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: வாளியை யார் எடுத்தார்கள்? அது அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பாட்டிக்குத்தான் முதலில் போன் போட்டாள்.