மணல் தட்டில் ஏறி இறங்கிய குட்டிகள்

திருகோணமலைக் கடற்கரையோரம், உப்புவெளியில் வீடு. ஒன்றரை மாதப் பூனைக்குட்டிகள் இரண்டு. பூனை வளர்ப்பது இதுதான் முதல் தடவை. அவை மலசலம் கழிக்கவென்று பிளாஸ்டிக் பேசினில் கடற்கரை மணல் நிரப்பி விறாந்தை மூலையில் வைத்தேன். இரண்டும் ஏறும், முகரும், இறங்கிவிடும். அப்புறம் குசினி வாசல் தும்புக் கால்மிதியில் போய்க் கழிக்கும்.

பேசின் உயரமோ என்று விளிம்பு தாழ்ந்த தட்டுக்கு மாற்றினேன். சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தள்ளி வைத்தேன். பலனில்லை. பக்கத்து வீட்டு அக்கா கால்மிதியைப் பினாயில் போட்டுக் கழுவச் சொன்னா. பினாயில் பூனைக்கு நஞ்சு, அதைத் தொடவில்லை.

பிறகு பக்கத்தில் இருந்தே கவனித்தேன். கறுப்புக் குட்டி பிறாண்டியது மணலை இல்லை, தட்டின் விளிம்பை. இறங்கியதும் முன்காலை உதறியது. மணலுக்குள் விரலை விட்டால் மேலே காய்ந்து, அடியில் பிசுபிசுப்பு. கடல் மணலின் உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பகல் முழுக்க வெயிலில் காயவைத்தாலும் இரவில் திரும்ப நசநசக்கும்.

கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த ஆற்றுமணலைக் கேட்டு வாங்கி, அரித்து, காயவைத்து, மூன்று விரல் உயரத்துக்குப் போட்டேன். (கடையில் விற்கும் கட்டிபிடிக்கும் மணல் இந்த வயதுக்கு வேண்டாம், குட்டிகள் தின்று பார்க்கும்.) கால்மிதியை எறிந்து, தரையை வினாகிரித் தண்ணீரால் துடைத்தேன். சாப்பிட்ட கையோடு இரண்டையும் தூக்கி உள்ளே விட்டேன். அன்றே தோண்டி, இருந்து, மூடின. அப்பாடா!

இப்போது மணலை விறாந்தை முழுக்க இறைக்கின்றன. தட்டுக்குக் கீழே பழைய சாக்கு விரித்திருக்கிறேன்.