பீரோவைப் பூட்டினால் புத்தகம் தொலையாதுதான்: சிறிய நூலகங்களில் நடக்கும் தவறுகள்

தமிழ்நாட்டில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள், நூலகத்துக்குள் காலே வைக்காதவர்கள் உட்பட, நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சொத்து வரியோடு சேர்ந்து, அந்த வரித் தொகையில் 10 சதவீதம் கூடுதலாக நூலக வரியாகப் போகிறது. இந்த வரிக்கு வழி செய்தது 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம். அந்தச் சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். அந்தப் பணத்தில் ஓடும் ஊர்ப்புற நூலகத்திலோ பகுதி நேர நூலகத்திலோ பெரும்பாலும் ஒரே ஒருவர்தான் வேலை பார்ப்பார். கதவு திறப்பது, பேப்பர் பிரித்துப் போடுவது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவரே. அதனால் கீழே சொல்வதை அவர் மேல் வைக்கும் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சொந்தமாகப் படிப்பகம் நடத்தும் மன்றங்களும் இதே தவறுகளைத்தான் செய்கின்றன. அநேகமாக எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: கணக்கில் ஒரு புத்தகம் குறைந்துவிடுமோ என்கிற பயம்.

பூட்டிய பீரோ

ஒரு நூலகத்தின் நல்ல புத்தகங்களைப் பார்க்க வேண்டுமென்றால் பூட்டியிருக்கும் கண்ணாடி பீரோவைத்தான் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அகராதி, கலைக்களஞ்சியம், புதிதாக வந்த நாவல், குழந்தைகளுக்கான வண்ணப் படப் புத்தகம் எல்லாம் உள்ளே. வெளியே திறந்த அடுக்கில் இருப்பவை யாரும் தொடாதவை. கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்தான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஆறாம் வகுப்புப் பிள்ளை எதைக் கேட்கும்?

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தணிக்கையில் புத்தகம் குறைந்தால் பல இடங்களில் நூலகர் தன் கைக்காசைப் போட்டுத்தான் சரிக்கட்டுகிறார். மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017) இந்த விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேசுகின்றன. ஓராண்டில் வழங்கப்பட்ட, எடுத்துப் பார்க்கப்பட்ட நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கலாம். நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி. உங்கள் தணிக்கையாளர் இதை ஏற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனாலும் எதைப் பூட்டுவது, எதைத் திறந்து வைப்பது என்று முடிவெடுக்க இது நல்ல அளவுகோல். விலை கூடியதும் மறுபடி கிடைக்காததும் பீரோவில் இருக்கட்டும். நூறு, இருநூறு ரூபாய்ப் புத்தகம் வெளியே வரட்டும்.

அதே விதிகள் 20,000 நூல்களுக்கு உட்பட்ட நூலகத்தில் ஆண்டுக்கொரு முறை முழு இருப்பும் சரிபார்க்கச் சொல்கின்றன. நடைமுறையில், மாற்றல் வந்து பொறுப்பு ஒப்படைக்கும்போதுதான் இருப்புப் பதிவேட்டையே தூசி தட்டுகிறார்கள். பல வருடக் குறை ஒரே நாளில் ஒருவர் தலையில் விழுகிறது. அடுத்து வருபவர் அதைப் பார்த்து மிரண்டு இன்னும் இரண்டு பூட்டு வாங்குகிறார். மாதம் இரண்டு அடுக்கு என்று பிரித்துக்கொண்டு சரிபார்த்தால், எந்தப் புத்தகம் எப்போது காணாமல் போனது என்பதாவது தெரியும். எடுத்துப்போனவர் முகமும் நினைவில் இருக்கும்.

கழிக்கத் தயங்குவது

போட்டித் தேர்வு அடுக்குக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று சொல்லும் பொது அறிவுப் புத்தகம் நிச்சயம் ஒன்று கிடைக்கும். 2019, 2020-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை என்று ஆறு கூடி 38 ஆகிவிட்டது. 29 மாநிலங்கள் என்கிற புத்தகமும் பக்கத்திலேயே இருக்கும். ஜம்மு காஷ்மீர் 2019 அக்டோபரில் யூனியன் பிரதேசங்களாகப் பிரிந்த பிறகு மாநிலங்கள் 28. 2018-க்கு முந்தைய ஆறாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பாடநூல்களும் புதிய பாடநூல்களும் கலந்து கிடக்கும். சட்டப் பகுதியில் இந்திய தண்டனைச் சட்டத்துக்கு எழுதிய எளிய கையேடு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது.

இலவசமாகப் படிக்க இடம் தேடி வரும் குரூப் 4 மாணவிக்கு இந்த அடுக்கு உதவி செய்யவில்லை, அவருடைய மதிப்பெண்ணைத் தின்கிறது. ஆனாலும் எடுக்க மனம் வராது. எடுத்தால் பலகையில் எழுதியிருக்கும் மொத்த நூல் எண்ணிக்கை குறையுமே! பட்டியல் போட்டு, மாவட்ட நூலக அலுவலரிடம் அனுமதி வாங்கி, பதிவேட்டில் நீக்கக் குறிப்பு எழுதிக் கழிப்பதுதான் முறை. அனுமதி வரும்வரை ஒரு கயிற்றில் கட்டி வாசகர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எடைக்குப் போட்டுவிட்டுப் பிறகு கணக்கு எழுதலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கிழிந்திருக்கிறது என்று கழிப்பது. கிழிந்திருந்தால் பலர் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கு பைண்டிங் செய்ய வேண்டும், அல்லது இன்னொரு படி கேட்க வேண்டும். யாரும் எடுக்கவில்லை என்பதற்காக உள்ளூர்க் கோயில் தல புராணம், பள்ளி நூற்றாண்டு மலர், குடமுழுக்கு மலர் போன்றவற்றை நீக்குவது இன்னும் மோசம். கலைக்களஞ்சியம் எந்த ஊரிலும் கிடைக்கும், உங்கள் ஊர்ப் பள்ளி மலர் வேறெங்கும் கிடைக்காது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளாகச் சேர்த்ததில் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை போன்ற துண்டுக் காகிதங்களும் உண்டு. சென்னையில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அந்தச் சேகரிப்பிலிருந்து பிறந்ததுதான்.

நன்கொடையிலும் இதே கண் வேண்டும். வீடு காலி செய்பவர்கள் மூன்று அட்டைப்பெட்டி கொண்டுவந்து இறக்குவார்கள். மகனுடைய பழைய இன்ஜினியரிங் புத்தகங்கள் மேலே இருக்கும், வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்த தொகுதிகள் அடியில் இருக்கும். சங்கடப்பட்டு எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், வெளியே அனுப்ப மறுபடி அனுமதி வாங்க வேண்டும். "பார்த்துவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்கிறோம், மீதியை நீங்கள்தான் எடுத்துப்போக வேண்டும்" என்று வாசலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அடிப்பெட்டியைப் பார்க்காமல் யாரையும் திருப்பி அனுப்பவும் வேண்டாம். மூலப் படங்களோடு இருக்கும் அந்தத் தொடர்கதை பைண்டு பல பெரிய நூலகங்களில்கூட இருக்காது.

பசையும் டேப்பும்

கிழிந்த பக்கத்துக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில வருடங்களில் டேப் உரிந்துவிடும், பசை மட்டும் மஞ்சள் கறையாகத் தாளுக்குள் இறங்கி எழுத்தையும் மறைக்கும். மெல்லிய தாளும் மைதாப் பசையும் போதும். வெறும் மைதா பூச்சியை விருந்துக்கு அழைக்கும் என்பதால் பழைய பைண்டர்கள் பசை காய்ச்சும்போது துளி மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் கைபடாமல் வைக்க வேண்டும். அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் அரை அடி தள்ளிப் போட்டால் மழைக்கால ஈரமும் கரையானும் நேராக ஏறாது. முத்திரை குத்தும்போது படத்தின் மேல் குத்தாதீர்கள். ஓரம் எதற்கு இருக்கிறது?

அடுக்குவதும் தேடுவதும்

நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் தூயி தசம வகைப்பாட்டை அப்படியே பின்பற்றுகிற சிறிய நூலகத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811. நூலகத்தில் பாதி அதுதான். ஆக, பாதி நூலகம் ஒரே எண்ணில் தொடங்கி நிற்கும். வாசகர் கேட்பதோ "துப்பறியும் கதை எங்கே, சிறுகதை எங்கே" என்று. எண் முதுகுச் சீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும். அடுக்கில் நாவல், சிறுகதை, கவிதை, சிறுவர், தேர்வு, விவசாயம் என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

கணினிக்கு மாறிய இடங்களில் வேறு தலைவலி. ஒருவர் "இராமாயணம்" என்று ஏற்றியிருப்பார், இன்னொருவர் "ராமாயணம்" என்று தேடுவார், "இல்லை" என்று பதில் வரும். முன்னெழுத்தைப் பெயருக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, புதுமைப்பித்தன் என்று பதிவதா சொ. விருத்தாசலம் என்று பதிவதா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவிட்டால் அடுத்து வருபவரும் அதையே பின்பற்றுவார். அட்டையில் இருக்கும் பெயரில் பதிவதுதான் என் கட்சி. வாசகர் அந்தப் பெயரைத்தானே கேட்கிறார். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஏற்றிய பட்டியல் இருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

வருபவர்களோடு

கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. நேரப் பலகையை உள்ளே மேசைக்குப் பின்னால் மாட்டினால் ஏற்கெனவே உள்ளே வந்தவர்தான் படிப்பார். தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி வெளியே மாட்டுங்கள்.

இன்னொன்று, பலரும் தவறென்றே நினைக்காதது. வழங்கல் பதிவேடு மேசை மேல் திறந்தே கிடக்கும். பேப்பர் படிக்க வரும் பெரியவர் புரட்டிப் பார்த்து, "உங்க வீட்டுப் பொண்ணு விவாகரத்துச் சட்டப் புத்தகம் எடுத்திருக்கே, என்னப்பா விஷயம்?" என்று டீக்கடையில் கேட்டால், அந்தப் பெண் அப்புறம் நூலகம் பக்கமே வர மாட்டார். பதிவேட்டை மூடி, மேசைக்கு உள்பக்கம் வையுங்கள். கையெழுத்து வாங்கும்போது மேலே இருக்கும் வரிகளை ஒரு அட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள். யார் கேட்டாலும், அப்பாவே வந்து கேட்டாலும், வளர்ந்த பிள்ளை என்ன எடுத்தது என்று சொல்லாதீர்கள்.