இளைஞர்–அரசியல்வாதி கலந்துரையாடலைத் திட்டமிடுதல்

முதலில் பொருளை முடிவு செய்து, அதன் பிறகே யாரை அழைப்பதென்று யோசிக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, மாநகராட்சிச் சாக்கடையைப் பற்றி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்டுவிட்டு ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். தெருவிளக்கும் கழிவுநீரும் என்றால், வேலூர் மாநகராட்சியின் 60 வார்டுகளில் உரிய வார்டின் உறுப்பினரே போதும். தொகுதி எல்லையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: வேலூர் மாவட்டத்திலேயே இருந்தாலும் காட்பாடி சட்டமன்றத் தொகுதி அரக்கோணம் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது, வாணியம்பாடியும் ஆம்பூரும் 2019 மாவட்டப் பிரிப்புக்குப் பிறகு திருப்பத்தூர் மாவட்டத்தில் இருந்தாலும் வேலூர் மக்களவைத் தொகுதிக்குள்ளேயே வருகின்றன.

சட்டமன்றம் கூடும் நாட்களையும் தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் இருக்கும் காலத்தையும் தவிர்த்து, ஒரே கட்சியின் கூட்டமாகத் தோன்றாதபடி மாற்றுக் கட்சியினரையும் எழுத்துமூலம் அழையுங்கள்.

மேடையும் சால்வையும் வேண்டாம், வட்டமாக நாற்காலிகள் போடுங்கள். பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலப்பது போன்ற பொருளுக்கு, ‘என்ன செய்வீர்கள்?’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, கரையோர ஊர் இளைஞர் ஒருவர் தம் கிணற்று நீரின் நிலையைச் சொல்லி, எந்தத் துறையிடம் எப்போது பேசுவீர்கள் என்று அழைக்கப்பட்ட அரசியல்வாதியிடம் கேட்பது பலன் தரும். தரப்பட்ட வாக்குறுதியைத் தேதியோடு எழுதி, அன்றே அவரிடம் ஒரு படி கொடுத்துவிடுங்கள்.