பெரணிகளின் உறவை டி.என்.ஏ. சொல்லும், ஆனால் பாதிதான்

இலையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, ஆர்.பி.சி.எல். என்ற ஒரே மரபணுவின் வரிசையைப் படித்து, மென்பொருளில் போட்டால் பரிணாம மரம் ஒன்று வந்துவிடும். அதை அப்படியே நம்புவதுதான் பெரணி ஆய்வுக்குள் புதிதாக வருபவர்களின் முதல் சறுக்கல்.

நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வேரும் சரியான இலையும் இல்லாத சைலோட்டம் என்ற செடியை, சுமார் 40 கோடி ஆண்டு பழைய ரைனியா என்ற புதைபடிவத் தாவரத்தின் மிச்சமாகவே பலர் கருதிவந்தார்கள். டி.என்.ஏ. அதை ஓஃபியோகிளாஸம் என்ற பெரணியின் பக்கத்தில் உட்காரவைத்தது. குதிரைவால் எனப்படும் ஈக்விசிட்டமும் பெரணிகளோடு ஒரே கிளையில் சேர்வதை 2001-இல் வந்த ஆய்வு காட்டியது. இவற்றோடு ஒன்றாகப் பேசப்பட்டுவந்த லைக்கோபோடியம், செலாஜினெல்லா என்ற செடிகள் தனிக் கிளைக்குப் போய்விட்டன. (இன்னமும் அவற்றைப் பெரணிக் கணக்கில் எழுதுவது தனித் தவறு.)

சிக்கல் சிற்றினங்களுக்கு இறங்கும்போதுதான் வருகிறது. ஆர்.பி.சி.எல். இருப்பது, செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்தில். இதுவரை ஆராயப்பட்ட பெரணிகளில் பசுங்கணிகம் பெரும்பாலும் தாய்வழியாகவே வருகிறது. தந்தை யாரென்று அதைக் கேட்டுப் பயனில்லை. பெரணிகளிலோ கலப்பு சர்வசாதாரணம்.

அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைகளில் வளரும் அஸ்பிளீனியம் என்ற பேரினத்துப் பெரணிகளைப் பாருங்கள். மான்டானம், பிளாட்டிநியூரான், ரைசோஃபில்லம் ஆகிய மூன்றும் தங்களுக்குள் கலந்து புதிய வடிவங்களை உண்டாக்கியிருக்கின்றன. பிளாட்டிநியூரானின் இலை சிறகுபோலப் பிரிந்தது. ரைசோஃபில்லத்தின் இலை பிரியாமல் நீண்டு, நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் புதுச் செடி முளைக்கும். இரண்டும் கலந்த எபெனாய்டிஸின் இலை, அடியில் பிரிந்தும் நுனியில் பிரியாமல் வாலாக நீண்டும் இருக்கும். குரோமோசோம்கள் ஜோடி சேராததால் அதன் ஸ்போர்கள் (விதைக்குப் பதிலாகப் பெரணி உதிர்க்கும் துகள்கள்) பெரும்பாலும் சுருங்கி வீணாகிவிடும். ஆனால் அலபாமாவில் ஓரிடத்தில் குரோமோசோம் இரட்டித்துப்போய், அது வளமாகவே பெருகுகிறது. பசுங்கணிகத்தை மட்டும் படித்தால் இந்தச் செடி தாயின் கிளையில் போய் ஒட்டிக்கொள்ளும், கலப்பு நடந்த தடயமே தெரியாது. அமெரிக்கத் தாவரவியலாளர் வாரன் வாக்னர் இந்தக் கலப்பு வலைப்பின்னலை 1954-லேயே புறத்தோற்றத்தையும் குரோமோசோமையும் வைத்து வரைந்துவிட்டார். 1985-இல் நொதிகளை ஒப்பிட்ட ஆய்வும் அதையே உறுதிப்படுத்தியது. ஆகவே இரு பெற்றோரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுக்களையும் படியுங்கள்; குரோமோசோம் எண்ணிக்கை, ஸ்போரின் வடிவம் ஆகியவற்றைப் பழங்காலத்து வேலை என்று ஒதுக்காதீர்கள்.

உட்கரு மரபணு என்றாலும் ஒன்றே ஒன்று போதாது. நிழலில் பெரணிகள் செழிக்க உதவுவதாகக் கருதப்படும் நியோகுரோம் மரபணு, ஆந்தோசெரோஸ் வகையைச் சேர்ந்த, பாசி போன்ற சிறு செடிகளிலிருந்து பெரணிகளுக்குத் தாவியது என்று 2014-இல் தெரியவந்தது. அதை மட்டும் வைத்து மரம் வரைந்தால் பெரணிகள் அந்தச் செடிகளுக்கு நடுவே போய் நிற்கும்.

ஆய்வகத்தில் நேரத்தை விழுங்குவது வேறொன்று: மேட்கே என்ற பசுங்கணிக மரபணுவைப் படியெடுக்கப் பூக்கும் தாவரங்களுக்கு உருவாக்கிய பிரைமரை (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டை) பெரணிக்கும் போடுவது. பெரும்பாலான பெரணிகளில் அந்த மரபணுவின் இருபுறமும் இருக்கும் பகுதிகள் இழக்கப்பட்டுவிட்டதால் பிரைமர் ஒட்டாது. பெரணிக்கென்றே வடிவமைத்ததை வாங்குங்கள்.

கடைசியாக, டி.என்.ஏ. வரிசைகளைச் சேமித்துவைக்கும் தரவுத்தளத்தில் மிக நெருக்கமாகப் பொருந்தும் பெயரையே உங்கள் செடிக்குச் சூட்டிவிடாதீர்கள். அங்கே அந்தச் சிற்றினமே இல்லாமல் இருக்கலாம். இருப்பதற்கும் யாரோ தவறான பெயர் வைத்திருக்கலாம். டி.என்.ஏ. எடுத்த அதே செடியிலிருந்து, ஸ்போர்ப் பைகளோடு கூடிய முழு இலை ஒன்றை உலர்த்தி, ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகத்தில்) எண்ணிட்டு வைத்திருந்தால்தான் பிற்பாடு ஒருவர் சரிபார்க்க முடியும்.