காப்பகத்து நாயை வீட்டுக்குக் கூட்டி வரப் போறீங்களா? மூலையில் படுத்திருப்பதையும் பாருங்க

காப்பகத்துக்கு நாய் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் குட்டிதான் கேட்கிறார்கள், அதுவும் கடுவன் குட்டி. நான் சொல்வேன், முதல்முறை நாய் வளர்க்கிறவர்கள் வளர்ந்த பொட்டை நாயையே எடுங்கள். இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை சோறு வைக்க வேண்டும், ஒண்ணுக்குப் போகப் பழக்க வேண்டும், கிடைத்ததையெல்லாம் கடிக்கும். காலையில் பனியன் கம்பெனிக்குப் போய் இருட்டிய பிறகு வருகிற குடும்பத்தில் அந்தக் குட்டியை யார் பார்ப்பது? வளர்ந்த நாய் என்றால் உயரம், குணம், ஆட்டைத் துரத்துமா துரத்தாதா என்பது வரை முன்னாடியே தெரிந்துவிடும். பொட்டை என்றால் குட்டி போட்டுக்கொண்டே இருக்குமே என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குவார்கள். கருத்தடை செய்த நாய்க்கு அந்தப் பேச்சே இல்லை. தெருவில் பிடித்துக் கருத்தடை செய்த நாய்க்குக் காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும், அதைக் காயம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

எங்கள் வீட்டுக் காரி (காங்கயம் மாட்டின் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவது போல வைத்த பெயர்) நாங்கள் முதலில் போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மற்ற நாய்களெல்லாம் கம்பிமேல் ஏறிக் குரைத்தன, இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை தலையைத் தூக்கினாள். மூன்றாவது தடவை நான் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்துகொண்டேன், பேசவில்லை, கையும் நீட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து என் முதுகில் சாய்ந்துகொண்டாள். அதனால்தான் சொல்கிறேன், ஒரே தடவை போய் முடிவெடுக்காதீர்கள். அத்தனை சத்தத்துக்கு நடுவில் நாயின் உண்மையான குணம் தெரியாது. சோறு வைத்து முடிந்து எல்லாம் அடங்கிய நேரத்தில் போங்கள். அங்கே கூண்டு கழுவிச் சோறு வைக்கிறவரிடம் பேசுங்கள், அவருக்குத்தான் ஒவ்வொரு நாயையும் தெரியும். எங்கிருந்து வந்தது, மற்ற நாய்களோடு ஒத்துப்போகுமா, குழந்தைகளிடம் எப்படி, எதற்குப் பயப்படும், கோழியையோ ஆட்டையோ பார்த்தால் என்ன செய்யும் என்று ஒன்றுவிடாமல் கேளுங்கள். நம்ம பக்கம் தோட்டத்தில் நாலு வெள்ளாடும் நாட்டுக்கோழியும் இல்லாத வீடு குறைவு, இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் பின்னால் வருத்தம்தான்.

வாங்கி வரும்போது ஊசி போட்ட அட்டை கையில் இருக்க வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி என்றைக்குப் போட்டது, கருத்தடை ஆனதா, பூச்சி மருந்து எப்போது கொடுத்தது, மூன்றும் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டி ஊசியைப் போட்டுவிடுங்கள், அப்புறம் வருஷா வருஷம் தவறக் கூடாது. ஊசி போட்ட நாயே விளையாட்டில் பல் பதித்தாலும் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். இன்னொன்று, உங்கள் வீட்டில் முன்பு ஏதாவது குட்டி ரத்தப்பேதி போய்ச் செத்திருந்தால், ஊசிகள் முழுசாக முடியாத குட்டியை அங்கே கொண்டு வராதீர்கள். அந்த ரத்தப்பேதியைக் கொண்டு வருகிற பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும், சில இடங்களில் ஒரு வருஷம்கூட.

தீபாவளிக்கு முந்தின வாரத்தில் கூட்டி வராதீர்கள். இரண்டு நாள் லீவு சேர்ந்தாற்போல் இருக்கும்போது, காலை நேரத்தில் கூட்டி வாருங்கள். கழுத்துப்பட்டை மட்டும் போதாது, பயந்த நாய் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும், நெஞ்சைச் சுற்றி மாட்டுகிற பட்டையும் போடுங்கள். காரி வந்த இரண்டாம் நாள் பால்காரர் கேட்டைத் திறந்த நேரத்தில் ஓடிவிட்டாள், பக்கத்துத் தறிக் குடோனில் நின்ற லாரிக்கு அடியில் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கிடைத்தாள். அந்த இரண்டு மணி நேரத்தை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. முதல் மாதம் கேட் பூட்டியே இருக்கட்டும்.

அன்றைக்கே குளிப்பாட்டாதீர்கள், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். ஒரு மூலையில் பழைய சாக்கோ போர்வையோ போட்டு, தண்ணீர் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பாருங்கள். நாய் வளர்க்கிறவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: பயம் தெளிய மூன்று நாள், வீட்டு வழக்கம் பிடிபட மூன்று வாரம், இது நம்ம வீடு என்று நம்ப மூன்று மாதம். எல்லா நாய்க்கும் இது அப்படியே பொருந்தாது, காரிக்கு ஐந்து மாதம் ஆனது. முதல் வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, குரைக்கவில்லை, வாலாட்டவில்லை என்று மனசு விட்டுவிடாதீர்கள். ஆனால் இரண்டு நாள் சுத்தமாகச் சாப்பிடாமல் ஈறு வெளுத்து உடம்பு சுட்டால் அது பயமில்லை, உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் போங்கள். மாடு கட்டுகிற கட்டுத்தறிப் பக்கம் படுக்கிற நாய்க்கு விரலிடுக்கிலும் காதுக்குள்ளும் தினமும் தடவிப் பாருங்கள். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவது கொடுமை, தோல் வெந்துவிடும், நக்கினால் உள்ளேயும் போகும்.

காப்பகத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே ஒரு வாரம் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பால் நிறைய வளர்ந்த நாய்களுக்குச் சேராது, வயிற்றால் போகும். வேகவைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், சாக்லேட், திராட்சை மூன்றும் விஷம், பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை ஆசையாக வைக்கிறவர்கள் அதில் கிடக்கிற உலர்திராட்சையை மறந்துவிடுகிறார்கள்.

ஆடு கோழியிடம் கயிற்றோடுதான் பழக்க வேண்டும். தூரத்தில் நிறுத்தி, சும்மா பார்த்துக்கொண்டு நின்றால் ஒரு துண்டு கறி, அடுத்த நாள் பத்தடி கிட்டே. இரண்டு மூன்று வாரம் ஆகும். தோட்டத்துக் காவலுக்கென்று எடுத்துக்கொண்டு போய் ஆளில்லாத சாளையில் (தோட்டத்துக் குடிசையில்) சங்கிலி போட்டுக் கட்டி வைக்கத்தான் நாய் என்றால், தயவுசெய்து எடுக்காதீர்கள். கூண்டிலாவது அதற்குப் பக்கத்தில் நாலு நாய் இருக்கிறது.

எல்லாம் செய்தும் ஒத்துவரவில்லை என்றால், வீட்டில் யாருக்காவது மூச்சு இழுக்கிறது, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார், எதுவாக இருந்தாலும் சரி, கூட்டி வந்த காப்பகத்துக்கே ஃபோன் போட்டு நடந்ததைச் சொல்லித் திருப்பிக் கொண்டுபோய் விடுங்கள். கோபித்தாலும் வாங்கிக்கொள்வார்கள். அவினாசி ரோட்டோரம் கறிக்கடை இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும் என்று இறக்கிவிட்டுப் போகாதீர்கள். கழுத்தில் பட்டையோடு அங்கே நிற்கிற நாய்கள், ஒவ்வொரு கார் வேகம் குறையும்போதும் ஓடி வந்து கதவருகில் பார்க்கின்றன.