மோரிஸ் மைனர் இன்ஜினுக்குள் தண்ணீரும் எண்ணெயும் காற்றும் போகும் வழி

பினாங்கில் இன்னமும் சில வீட்டு வாசல்களில் தாத்தா காலத்து மோரிஸ் மைனர் கார் நிற்கிறது. பேரப்பிள்ளைகள் கைக்கு வந்ததும் முதலில் பாலிஷும் புது சீட் உறையும் வாங்குகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு மாலைப் பொழுதை இன்ஜினுக்குக் கொடுங்கள். உள்ளே எது எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துவிட்டால், போர்மேன் (மெக்கானிக்) சொல்வதில் பாதி உங்களுக்கே விளங்கும். தேவையில்லாத வேலைக்கு வெள்ளியும் போகாது.

நான் சொல்லப்போவது ஏ-சீரிஸ் இன்ஜினைப் பற்றி. மைனர் 1000-இல் 1956 முதல் 948 சிசி, 1962 முதல் 1098 சிசி. பழைய மினியில் இருப்பதும் இதே குடும்பம்தான், குறுக்குவாக்கில் பொருத்தியிருப்பார்கள். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் தண்ணீர்ப் பகுதியைத் தாண்டிவிடலாம். அதில் ரேடியேட்டரே கிடையாது.

படி 1: ஆறவிடுங்கள்

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே போனட்டைத் திறந்து வேலையை ஆரம்பியுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திருகினால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

படி 2: தண்ணீர்

ரேடியேட்டரின் அடியிலிருந்து புறப்படும் ஹோஸைத் தொட்டுக்கொண்டே போங்கள். அது வாட்டர் பம்பில் முடியும். பம்ப் தண்ணீரை பிளாக்குக்குள் தள்ளும்; தண்ணீர் சிலிண்டர்களைச் சுற்றி, மேலே ஹெட்டுக்கு (பிளாக்கின் மேல் மூடிப் பகுதி) ஏறும். ஹெட்டின் முன்பக்கம் தெர்மோஸ்டாட் (சூடு ஏறினால் திறக்கும் வால்வு) உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டி மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டரின் உச்சிக்கு வந்து, மெல்லிய குழாய்களில் இறங்கும்போது சூட்டை விடும்.

இப்போது இன்ஜினை ஓடவிட்டு, சுழலும் ஃபேனில் கை படாமல் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடங்களுக்குச் சூடே தெரியாது. தெர்மோஸ்டாட் மூடியிருப்பதால் தண்ணீர் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள குட்டி பைபாஸ் ஹோஸ் வழியாக உள்ளேயே சுற்றுகிறது. அது திறந்த பிறகு மேல் ஹோஸ் சட்டென்று சுடும். அந்தக் குட்டி ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெட்டைக் கழற்றாமல் அதை மாற்றுவது பெரிய பாடு. ஹெட் வேலை வந்தால் கையோடு மாற்றிவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியும் ஒரு கருவிதான். 7 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் ஏறத்தாழ 110 வரை தாங்கும். ரப்பர் போன மூடியால் இந்தப் பலன் கிடையாது. நமக்குப் பனி இல்லாவிட்டாலும் கூலண்ட் அவசியம், துருவைத் தடுக்க. கழுத்து வரை நிரப்பாதீர்கள். சூட்டில் விரிந்து வழியும்.

படி 3: எண்ணெய்

மினியாக் ஹித்தாம் (இன்ஜின் எண்ணெய்) அடியில் உள்ள சம்பில் (எண்ணெய்த் தொட்டி) தங்குகிறது. கேம் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஓடும் பம்ப் அதை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக பிளாக்கில் நீளவாக்கில் துளைத்த முதன்மைப் பாதைக்கு அனுப்பும். அங்கிருந்து மூன்று மெயின் பேரிங்குகளுக்கும், கிராங்க் ஷாஃப்ட்டுக்குள் இருக்கும் துளைகள் வழியாக பிக்-எண்ட் பேரிங்குகளுக்கும், கேம் ஷாஃப்ட்டுக்கும் பிரியும். முன்பக்கத்தில் ஒரு கிளை மேலே ஏறி ராக்கர்களை நனைத்துவிட்டு, புஷ்ராட் துளைகள் வழியாகத் தானாகச் சம்புக்கு இறங்கும்.

அழுத்தம் 60 பி.எஸ்.ஐ. பக்கம் வந்தால் ரிலீஃப் வால்வு திறந்து மிச்சத்தைத் திருப்பிவிடும். சூடான பிறகு ஐட்லில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் மெதுவாக ஓடும்போது) 15-க்குக் கீழே போனால் பேரிங் தேய்மானத்தைச் சந்தேகியுங்கள். இந்த இன்ஜினுக்கு 20W-50 சரியானது.

படி 4: காற்று

ஏர் ஃபில்டர், எஸ்.யு. கார்புரேட்டர், இன்லெட் மேனிஃபோல்டு, வால்வு, சிலிண்டர், எக்ஸாஸ்ட். இது எளிதான வழி. கவனிக்க வேண்டியது ஒன்று: நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து காற்று நுழைய ஹெட்டில் இரண்டே வாசல்கள். கார்புரேட்டரின் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் தடையில்லாமல் இறங்கி 'டக்' என்று உட்கார வேண்டும். மேலே உள்ள டேம்பரில் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் இருக்கட்டும்.

பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் புகை சம்புக்குள்ளும் கசியும். அது வெளியேற பிரீதர் குழாய் உண்டு. அது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, ஆயில் சீல்கள் வழியாக எண்ணெய் ஒழுகும். சீலை மாற்றுவதற்கு முன் அந்தக் குழாயை ஊதிப் பாருங்கள்.

படி 5: மூன்றும் நெருங்கும் இடம்

ஹெட் கேஸ்கெட். எரியும் வாயு, சுடுதண்ணீர், எண்ணெய் எல்லாவற்றையும் பிரித்து வைப்பது அந்த ஒரு மெல்லிய தகடுதான். அது போனால் தண்ணீரில் குமிழி வரும், அல்லது எண்ணெய் பால் கலந்த மாதிரி ஆகும், அல்லது தண்ணீர் காரணமில்லாமல் குறையும். ஆனால் எண்ணெய் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் லேசான வெளிர் பசை கண்டு பயந்துவிடாதீர்கள். வீட்டிலிருந்து சௌரஸ்தா மார்க்கெட் வரை போய் வரும் வண்டியில் அது சகஜம். எண்ணெய் முழுச் சூட்டுக்கு வராததால் ஈரம் தங்குகிறது. டிப்ஸ்டிக்கிலும் (எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி) பால் நிறம் தெரிந்தால்தான் கவலை.

இதனால்தான், "நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று கழற்றிப் போடும் வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. அது இல்லாத இன்ஜின் சூடேற நேரம் எடுக்கும்; பெட்ரோலும் ஈரமும் எண்ணெயில் தங்கிச் சேறாகும்; சிலிண்டர்கள் சீக்கிரம் தேயும். 82 பாகையில் திறப்பது அதிகம் என்று பட்டால் 74-இல் திறப்பதைப் போடுங்கள். பினாங்குப் பாலத்து ஜாமில் சூடேறுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு: அடைத்த ரேடியேட்டர், தளர்ந்த ஃபேன் பெல்ட், மெதுவான ஐட்லில் குறையும் காற்று.

ஓடும்போது சிவப்பு இக்னிஷன் விளக்கு எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். பெல்ட் அறுந்திருக்கலாம், அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. மைனரில் வெப்பமானி கிடையாது, எண்ணெய் அழுத்தத்துக்கும் பெரும்பாலும் விளக்கு மட்டும்தான். டேஷ்போர்டுக்குக் கீழே இரண்டுக்கும் ஒவ்வொரு மீட்டர் பொருத்திக்கொண்டு, அப்புறம் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் மலைப்பாதையில் ஏறுங்கள்.