ஆர்எக்ஸ் 100 கார்புரேட்டரை அல்ட்ராசோனிக் தொட்டியில் சுத்தம் செய்வது எப்படி?

ஆறு மாதம் ஓடாமல் நின்ற யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை உதைத்துப் பாருங்கள். சோக் போட்டால் ஓடும், சோக்கை எடுத்ததும் நின்றுவிடும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில், பெரும்பாலும் பைலட் ஜெட் (மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும், துளையுள்ள சின்னத் திருகு) அடைத்திருக்கும். தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாக இறுகி, தலைமுடி அளவுத் துளையில் உட்கார்ந்துவிடுகிறது. பிரஷ் அங்கே போகாது. ஊசியால் குத்துவது அதைவிட மோசம்: ஜெட் பித்தளை, துளை கொஞ்சம் பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். நானே ஒரு ஜெட்டை அப்படிக் கெடுத்திருக்கிறேன். அதற்கப்புறம் காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் ஐடிலிங் (ஆக்சிலரேட்டர் தராதபோது இன்ஜின் ஓடும் வேகம்) சரியாக வரவில்லை, புது ஜெட்தான் வாங்க வேண்டியிருந்தது.

அல்ட்ராசோனிக் தொட்டி இந்த இடத்தில்தான் உதவுகிறது. அடியில் ஒட்டிய அதிர்வுக் கருவி விநாடிக்குச் சுமார் 40,000 முறை அதிரும். தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் உருவாகி உடனே நொறுங்கும். அந்த நொறுங்கலின் விசை அழுக்கைப் பெயர்த்துவிடும். தண்ணீர் புகும் துளைக்குள் எல்லாம் இது நடக்கும். ஒரு கார்புரேட்டருக்கு 2 அல்லது 3 லிட்டர் தொட்டி போதும். ஹீட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கழற்றுவது

பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வெட்டவெளியில் வடித்துவிடுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அதை மெதுவாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். திரும்பப் பூட்டும்போது இந்த எண்தான் கை கொடுக்கும்.

இந்த வண்டியில் இருப்பது மிக்குனி நிறுவனத்தின் விஎம்20 கார்புரேட்டர். அதன் திருகுகள் ஜப்பானிய அளவு. சாதாரண நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) முனை கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். ஃப்ளோட், ஃப்ளோட் பின், நீடில் வால்வு, இரண்டு ஜெட்கள், எல்லா ஓ-ரிங், கேஸ்கெட் என்று வரிசையாகக் கழற்றுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரும் பிளாஸ்டிக்கும் தொட்டிக்குள் போகக்கூடாது. பெயிண்ட் அடித்த பாகங்கள், பேரிங், மேக்னெட்டோ காயில், கிளட்ச் பிளேட் ஆகியவற்றையும் போடாதீர்கள்.

தொட்டிக்கு முன்னால்

கெட்டி எண்ணெய்ப் பிசுக்கை முதலில் மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் கொண்டு நீக்குங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, மண்ணெண்ணெய் வாசனை போன பின்னரே தொட்டிக்கு வாருங்கள். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் எதையும் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். சூடும் மின்சாரமும் சேர்ந்த இடம் அது, தீப்பிடித்துவிடும்.

தண்ணீரில் கலக்க, அலுமினியத்துக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் திரவம் நல்லது. அது கிடைக்காவிட்டால் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சின்ன மூடி போதும். காஸ்டிக் சோடா கலந்த எதுவும் வேண்டாம், அலுமினியத்தை அரித்துக் கறுப்பாக்கிவிடும்.

ஓட்டுவது

தொட்டியில் குறித்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி 50 டிகிரி வரை சூடேற்றுங்கள். தண்ணீர் இல்லாமல் ஒருபோதும் ஓட்டக்கூடாது. பாகங்களைப் போடும் முன் 10 நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். தண்ணீரில் கரைந்த காற்று வெளியேறினால்தான் குமிழிகள் முழு வேகத்தில் நொறுங்கும். பலர் விட்டுவிடும் கட்டம் இது. 'மெஷின் சரியில்லை' என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை என்பது என் எண்ணம். சந்தேகம் இருந்தால் ஒரு அலுமினிய ஃபாயில் துண்டை ஒரு நிமிடம் தொங்கவிடுங்கள். சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்திருந்தால் மெஷின் வேலை செய்கிறது.

பாகங்களைக் கூடையில்தான் வைக்க வேண்டும். தொட்டியின் தரையில் உலோகம் உட்கார்ந்தால் தரையும் தேயும், அதிர்வுக் கருவியும் கெடும். ஜெட்களை டீ வடிகட்டியில் போட்டுத் தொங்கவிடலாம். கார்புரேட்டர் பாடியைச் சாய்த்து வையுங்கள். துளைகளில் காற்று சிக்கினால் அங்கே தண்ணீர் போகாது, சுத்தமும் ஆகாது. 8 நிமிடம் ஓட்டி, திருப்பி வைத்து, இன்னொரு 8 நிமிடம் ஓட்டுங்கள். அலுமினியம் மங்கிக் கறுக்கத் தொடங்கினால் உடனே எடுத்துவிடுங்கள்.

எடுத்த பிறகு

உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைப் படிவு நிற்கும். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு துளையிலும் ஏர் அடியுங்கள். ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கம் காற்று வர வேண்டும். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளை ஒழுங்கான வட்டமாகத் தெரிய வேண்டும், கோணலாகத் தெரிந்தால் இன்னொரு முறை தொட்டியில் போடுங்கள். இரும்புத் திருகுகளைத் துடைத்து மெல்லிதாக எண்ணெய் தடவி வையுங்கள், சீக்கிரமே துரு பிடிக்கும்.

பூட்டும்போது ஓ-ரிங்கும் கேஸ்கெட்டும் புதிது போடுங்கள். ஸ்லைடின் (ஆக்சிலரேட்டர் கேபிள் மேலும் கீழும் நகர்த்தும் உருளை) வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்திருக்க வேண்டும். ஏர் ஸ்க்ரூவை எழுதி வைத்த சுற்றுக்கே கொண்டுவாருங்கள். பெட்ரோல் டேப்பைத் திறந்து, இரண்டு நிமிடம் எங்காவது கசிகிறதா என்று பாருங்கள். சரி, இப்போது சோக் போட்டு உதையுங்கள். இன்ஜின் சூடான பிறகு சோக்கை எடுத்தாலும் நிற்காமல் ஓடினால் பைலட் ஜெட் திறந்துவிட்டது.

தொட்டியில் மிஞ்சிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். ஒரு நாள் தெளியவிட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை ஒரு கேனில் சேர்த்து, பழைய இன்ஜின் ஆயில் வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.